ஃபோல்டரத் தொறந்தா டாஸ்க்பாரே காணாம போகுது: மாமா வீட்டு கம்ப்யூட்டர் கேஸ் முழுசா

2024 தீபாவளி முடிஞ்ச ரெண்டாம் நாள் பாளையங்கோட்டைலருந்து மாமா போன் பண்ணாங்க. "மருமவனே, கம்ப்யூட்டர் தானா ஆஃப் ஆயி ஆன் ஆவுதுடே. கேசட் ஃபோல்டரத் தொட்டாலே இந்தக் கூத்துதான். கடைக்காரர்ட்ட கேட்டேன், விண்டோஸ் கெட்டுப்போச்சு, ஃபார்மேட் அடிக்கணும், 800 ரூவாங்குதாரு. நாளைக்கு சிபியூவ ஸ்கூட்டர்ல வெச்சு கொண்டு போவப் போறேன்."

ஃபார்மேட்னு கேட்டதும் எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. ஏன்னா அந்த கேசட் ஃபோல்டர்ல இருக்குறது எங்க குடும்பத்தோட பழைய விஎச்எஸ் கேசட் எல்லாம். ரிட்டயர் ஆன பிறகு மாமா பரண்ல கிடந்த 23 கேசட்டையும் எடுத்து, கேசட்ட ஓட்டுற பழைய விசிஆர சர்வீஸ் பண்ணி, அதுல ஓடுறத கம்ப்யூட்டர்ல பதிவு பண்ற ஒரு யூஎஸ்பி கேப்சர் ஸ்டிக்க ஆன்லைன்ல வாங்கி, ஜூன் மாசத்துலருந்து ஒவ்வொண்ணா கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு இருந்தாங்க. கல்யாணம், காதுகுத்து, கொடை, எல்லாமே அதுலதான். நாளைக்கு எங்கயும் கொண்டு போகாதீங்க மாமா, முதல்ல நான் கேக்குறதுக்கு பதில் சொல்லுங்கன்னு சொன்னேன்.

போன்லயே பாதி தெரிஞ்சுடுச்சு

ஆஃப் ஆகுதுன்னா சிபியூ ஃபேன் சத்தம் நிக்குதான்னு கேட்டேன், நிக்கல. மானிட்டர்ல திரும்ப ஆன் ஆகும்போது வர்ற லோகோ வருதான்னு கேட்டேன், வரல. கீழ இருக்குற பட்டை போகுது, ஐகான் எல்லாம் போகுது, பேரப்பிள்ளை போட்டோ வால்பேப்பர் மட்டும் நிக்குது, அஞ்சாறு செகண்ட்ல பட்டை திரும்ப வந்துடுது, ஆனா தொறந்து வெச்ச ஃபோல்டர் ஒண்ணும் இருக்காது. அப்படின்னா கம்ப்யூட்டர் ஆஃப் ஆகல, எக்ஸ்ப்ளோரர்தான் செத்துப் பிழைக்குது.

இத கொஞ்சம் விளக்கணும், ஏன்னா கம்ப்யூட்டர் பாக்குறவங்க பாதிப் பேரு இங்கதான் வழி தவறுறாங்க. 1990ல வந்த விண்டோஸ் 3.0 காலத்துல ஃபைல் மேனேஜர்னு தனியா ஒண்ணு இருந்துச்சு, புரோகிராம் மேனேஜர்னு தனியா ஒண்ணு இருந்துச்சு. 1995ல விண்டோஸ் 95 வந்தப்ப எக்ஸ்ப்ளோரர்ங்கிற ஒரே புரோகிராம் ரெண்டு வேலையையும் எடுத்துக்கிச்சு. ஃபோல்டர் விண்டோவும் அதுதான், டாஸ்க்பார், ஸ்டார்ட் பட்டன், டெஸ்க்டாப் ஐகான் எல்லாமும் அதுதான். அதனால ஒரு ஃபோல்டர்ல தடுக்கி விழுந்தா மொத்த ஸ்க்ரீனும் துடைச்சுவிட்ட மாதிரி ஆகிடும், உடனே விண்டோஸே அத திரும்ப எழுப்பி விடும். பாக்குறவங்களுக்கு மெஷினே ஆஃப் ஆகி ஆன் ஆன மாதிரித்தான் இருக்கும், மாமா சொன்னதுல தப்பே இல்ல.

அடுத்து மாமாவ கமாண்ட் ப்ராம்ட், அதாவது கட்டளைய டைப் பண்ணி வேலை வாங்குற கருப்பு விண்டோவ தொறக்க வெச்சு, டி டிரைவுக்குப் போயி, ஃபைல் பட்டியல் காட்டுற டிர் கமாண்ட் அடிக்கச் சொன்னேன். ரிட்டயர்ட் வாத்தியார், ஒவ்வொரு எழுத்தா திரும்பச் சொல்லி சரிபார்த்துத்தான் அடிச்சாங்க. 143 ஃபைலும் வரிசையா வந்துச்சு. இது பெரிய நிம்மதி. டிஸ்க் படிக்குது, ஃபோல்டர் உடையல, ஃபைல் பேரு, சைஸ், தேதி எல்லாம் இருக்கு. எக்ஸ்ப்ளோரர் அத காட்டப் போகும்போதுதான் விழுது.

அப்ப மாமா, வீடியோ பாக்குற விஎல்சி பிளேயரப் பத்தி இன்னொண்ணு சொன்னாங்க. "விஎல்சில போயி ஓப்பன் குடுத்தாலும் விஎல்சியும் மூடிக்குதுடே." அந்த நேரத்துல எனக்கு இதோட மதிப்பு புரியல, நோட்ல எழுதி மட்டும் வெச்சேன். எந்த புரோகிராம்ல ஓப்பன் குடுத்தாலும் வர்ற அந்த ஃபைல் பொறுக்குற விண்டோ இருக்கே, அது எக்ஸ்ப்ளோரரோட அதே உள்பாகங்கள அந்த புரோகிராமுக்குள்ள இழுத்துட்டு வர்றது. அதுலயும் விழுதுன்னா கோளாறு எக்ஸ்ப்ளோரர்ங்கிற புரோகிராம்ல இல்ல, ரெண்டு இடத்துக்கும் பொதுவா உள்ள வர்ற ஏதோ ஒண்ணுலன்னு அர்த்தம். அன்னைக்கே இத யோசிச்சிருந்தா பொங்கலப்ப ஒரு நாள் மிச்சமாயிருக்கும்.

பொங்கலுக்கு வரேன், அதுவரைக்கும் அந்த ஃபோல்டரத் தொறக்காதீங்க, கேப்சரும் வேண்டாம்னு சொல்லிட்டேன்.

முதல்ல காப்பி

2025 ஜனவரில போனேன். மெஷின் 2017ல வாங்குனது, ஐ3 ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், சி டிரைவ் பின்னாடி சேர்த்த எஸ்எஸ்டி, டி டிரைவ் அந்தக் காலத்து 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10.

பழைய ஹார்ட் டிஸ்க்ல ஃபோல்டர் தொறக்கும்போது தொங்குதுன்னா முதல் சந்தேகம் டிஸ்க் மேலதான் இருக்கணும், ஏன்னா அது மட்டும்தான் நம்ம காத்திருக்கக் காத்திருக்க மோசமாகுற விஷயம். டிஸ்க்கோட உடல்நிலையக் காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பாத்தேன். அதுல ரெண்டு வரிதான் நான் முதல்ல பாப்பேன்: கெட்டுப்போனதால மாத்தி ஒதுக்குன செக்டர் (டிஸ்க்ல தகவல் எழுதுற சின்னக் கட்டம்) எத்தனை, படிக்க முடியாம காத்திருக்குற செக்டர் எத்தனை. ரெண்டும் பூஜ்யம். டிஸ்க் நல்லாதான் இருக்கு.

நல்லாதான் இருக்குன்னாலும் காப்பி எடுக்காம கை வைக்கல. எக்ஸ்ப்ளோரர் வழியா காப்பி பண்ண முடியாது, விழுந்துடும், அதனால ரோபோகாப்பி. அது விண்டோஸோடயே வர்ற காப்பி டூல், கமாண்ட்ல ஓடுறது, ஐகான், தம்ப்நெயில் (ஃபைலுக்குள்ள இருக்குறத காட்டுற குட்டிப் படம்) எதையும் சீண்டாது. 312 ஜிபி, பின்னாடி இருந்த பழைய யூஎஸ்பி 2 போர்ட்லதான் எக்ஸ்டர்னல் டிஸ்க்க மாட்ட முடிஞ்சது, கிட்டத்தட்ட 3 மணி நேரம் ஆச்சு, அதுக்குள்ள அத்தை சொதி வெச்சு சாப்பாடு போட்டு, ஒரு தூக்கமும் போட்டாச்சு. காப்பி முடிஞ்சு ஃபைல் எண்ணிக்கையும் மொத்த சைஸும் ரெண்டு பக்கமும் ஒத்துப்போகுதான்னு பாத்த பிறகுதான் எனக்கு மனசு ஆறுச்சு. இந்த ஒரு வேலைய எந்தக் கடைலயும் கேக்காம செய்யணும், அதுக்கு தனியா காசு வாங்கினாக்கூட பரவால்ல, செய்யாம ஃபார்மேட்டுன்னு பேச்சே எடுக்கக் கூடாது. என்னால இதுல சமாதானமே ஆக முடியல.

எல்லாரும் சொல்ற வைத்தியம்

விண்டோஸ் ஃபைல்கள சரிபாக்குற எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டினேன், அதே மாதிரி ரிப்பேர் டூலான டிஸ்ம் ஓட்டினேன், எக்ஸ்ப்ளோரர் ஹிஸ்டரிய கிளியர் பண்ணேன், குயிக் ஆக்சஸ்க்கு பதிலா திஸ் பிசில தொறக்குற மாதிரி மாத்தினேன், மெமரி டெஸ்ட் ஓட்டினேன். எதுலயும் ஒண்ணும் இல்ல. செஞ்சது தப்பில்ல, ஆனா எஸ்எஃப்சி பாக்குறது விண்டோஸோட சொந்த ஃபைல்கள மட்டும்தான். வெளிலருந்து வந்து உக்காந்தவன் யாருன்னு அதுக்குத் தெரியாது. அது சுத்தம்னு சொன்னா விண்டோஸ் கெடலன்னு அர்த்தம், அவ்வளவுதான். கடைக்காரர் சொன்ன காரணம் இங்கயே அடிபட்டுப் போச்சு.

அப்புறம் கம்ப்யூட்டர்ல நடந்ததெல்லாம் பதிவாகியிருக்குற ஈவன்ட் வியூவர். அப்ளிகேஷன் லாக்ல 1000ங்கிற நம்பரோட வரிசையா எக்ஸ்ப்ளோரர் விழுந்த பதிவு. விழுந்த மாட்யூல்னு எல்லாத்துலயும் என்டிடிஎல்எல்னு இருந்துச்சு, அது விண்டோஸோட அடிப்படை ஃபைல். எர்ரர் கோடு 374னு முடியுது. இங்க அவசரப்பட்டா ஆகா விண்டோஸ் ஃபைல்தான் கெட்டிருக்குன்னு திரும்ப ஃபார்மேட்டுக்கே போயிடுவோம். ஆனா அந்த கோடுக்கு அர்த்தம் ஹீப் கரப்ஷன். அதாவது யாரோ ஒருத்தன் தனக்குச் சொந்தமில்லாத மெமரில எழுதிட்டுப் போயிட்டான், கொஞ்ச நேரம் கழிச்சு விண்டோஸ் கணக்கு பாக்கும்போது கணக்கு இடிக்குது, உடனே புரோகிராம நிறுத்திடுது. நிறுத்துனவன் பேருதான் லாக்ல வரும், கெடுத்தவன் பேரு வராது. வீட்ல பூட்டு உடைஞ்சிருக்குன்னு முதல்ல பாத்துச் சொன்னவரையே திருடன்னு பிடிச்ச மாதிரி ஆகிடும்.

நான் செஞ்ச தப்பு

எக்ஸ்ப்ளோரருக்குள்ள வெளி சாஃப்ட்வேர் வந்து உக்காருறதுக்கு ஷெல் எக்ஸ்டென்ஷன்னு பேரு. ரைட் கிளிக் பண்ணா ஜிப் பண்ணு, ஸ்கேன் பண்ணுன்னு மெனுல வருதே அது ஒரு வகை, ஐகான் மூலைல பச்சை டிக் காட்டுறது ஒரு வகை, தம்ப்நெயில் வரையுறது ஒரு வகை, வீடியோ எத்தனை நிமிஷம்னு படிச்சு சொல்றது ஒரு வகை. நிறைய எக்ஸ்டென்ஷன் எக்ஸ்ப்ளோரருக்குள்ளயே ஓடும், அதனால அது விழுந்தா எக்ஸ்ப்ளோரரும் சேர்ந்து விழும். நிர்சாஃப்டோட ஷெல்எக்ஸ்வியூன்னு ஒரு குட்டி டூல், இன்ஸ்டாலே பண்ண வேண்டாம், அதுல மைக்ரோசாஃப்டோடத மறைச்சுட்டு பாத்தா வெளி ஆளுங்க மட்டும் வரிசையா வருவாங்க. மாமா மெஷின்ல 27 பேரு.

ரைட் கிளிக் மெனு வகைதான் அதிகமா தொல்லை குடுக்கும்னு எனக்கு அனுபவம், அதனால அந்த வகை 14ஐயும் ஒரே அடியா எஃப்7 அழுத்தி டிசேபிள் பண்ணிட்டு எக்ஸ்ப்ளோரர ரீஸ்டார்ட் பண்ணேன். கேசட் ஃபோல்டர் தொறந்துச்சு. விழல. பத்து தடவ தொறந்து பாத்தேன், விழல. முடிஞ்சது மாமான்னு சொல்லிட்டேன்.

சாயங்காலம் மாமா உக்காந்தாங்க, ரெண்டே நிமிஷத்துல டாஸ்க்பார் போச்சு. என்ன மாமா பண்ணீங்கன்னு கேட்டா, "ஒண்ணும் பண்ணலயே, எழுத்து பொடியா இருந்துச்சு, பெரிய ஐகானா மாத்துனேன்" அப்படிங்கிறாங்க. விசாரிச்சா, நான் வர்றதுக்கு முந்தின நாள் ராத்திரி போன்ல கன்ட்ரோல் ஷிஃப்ட் 6 அழுத்திப் பாருங்கன்னு நானே சொல்லியிருந்தேன், அது பேரு, தேதி, சைஸ் மட்டும் வரிசையா காட்டுற டீட்டெயில்ஸ் வியூவுக்கு மாத்துற ஷார்ட்கட், அப்ப அது வேலை செஞ்சுடுச்சு, மாமா எனக்குச் சொல்லல, நானும் கேக்கல. அதாவது ஃபோல்டர் விழாம இருந்தது என் வைத்தியத்தால இல்ல, வியூ மாறுனதால. ஒரே நேரத்துல ரெண்டு விஷயம் மாறியிருக்கு, நான் ஒண்ண மட்டும் பாத்து தீர்ப்பு எழுதிட்டேன். ஒரு மாத்தம் பண்ணா அத திருப்பிப் போட்டு கோளாறு திரும்ப வருதான்னு பாத்த பிறகுதான் இதுதான் காரணம்னு சொல்லணும், அத நான் செய்யல.

ஆனா மாமா பெரிய ஐகான் போட்டதுதான் கேஸயே தொறந்து விட்டுச்சு.

தம்ப்நெயில்

டீட்டெயில்ஸ்ல விழாது, பெரிய ஐகான்ல விழும். ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தம்ப்நெயில். கன்ட்ரோல் பேனல்ல எக்ஸ்ப்ளோரர் ஆப்ஷன்ஸ் போயி, வியூ டேப்ல எப்பவும் ஐகான் மட்டும் காட்டு, தம்ப்நெயில் வேண்டாம்ங்கிற டிக்க போட்டேன். பெரிய ஐகான்லயே தொறந்தேன், விழல. டிக்க எடுத்தேன், விழுந்துச்சு. மூணு தடவ போட்டு எடுத்து பாத்தேன், மூணு தடவையும் அதே.

ரைட் கிளிக் 14ஐயும் திரும்ப எனேபிள் பண்ணிட்டு, ஷெல்எக்ஸ்வியூல தம்ப்நெயில் வகைய மட்டும் பாத்தா ரெண்டே ரெண்டு. ஒண்ணு பிடிஎஃப்க்கு. இன்னொண்ணு வீடியோவுக்கு, கேப்சர் ஸ்டிக்கோட வந்த சின்ன சிடில இருந்த கோடெக் பேக் (பலவகை வீடியோவ படிக்க உதவுற சாஃப்ட்வேர் தொகுப்பு) போட்டது. அத டிசேபிள் பண்ணா நல்லா இருக்கு, எனேபிள் பண்ணா விழுது. இந்த தடவ அஞ்சு ரவுண்டு திருப்பிப் போட்டு பாத்தேன்.

ஆனா ஒரு விஷயம் உறுத்துச்சு. விண்டோஸ் விஸ்டாலருந்து தம்ப்நெயில் வரையுற வேலைய எக்ஸ்ப்ளோரருக்குள்ள விடுறதில்ல, டிஎல்எல்ஹோஸ்ட்னு ஒரு தனி புரோசஸ்ல, டாஸ்க் மேனேஜர்ல காம் சரகேட்னு தெரியுமே, அதுலதான் ஓட விடுவாங்க. விழுந்தா அது மட்டும் விழும், எக்ஸ்ப்ளோரர் தப்பிச்சுக்கும். எக்ஸ்பி காலத்துல பாதி டவுன்லோட் ஆன ஏவிஐ ஃபைல் இருந்தா எக்ஸ்ப்ளோரர் திணறும், அந்த ஃபைல டெலிட் பண்ணப் போனாலும் வேற யாரோ யூஸ் பண்ணிட்டு இருக்காங்கன்னு சொல்லும், நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி தொல்லைக்கு எதிரா நல்ல பாதுகாப்பு இது. அப்படி இருக்க இங்க எப்படி எக்ஸ்ப்ளோரரே விழுது? விண்டோஸ் தன்னோட செட்டிங் எல்லாம் எழுதி வெக்கிற ரெஜிஸ்ட்ரில அந்த எக்ஸ்டென்ஷனோட பதிவப் பாத்தேன். தனி புரோசஸ் பிரிப்ப ஆஃப் பண்ற ஒரு மதிப்பு இருக்கு, அத 1னு போட்டு வெச்சிருக்காங்க. அதாவது எனக்கு திண்ணை வேண்டாம், நேரா உள்வீட்டுக்கே வரேன்னு கேட்டு வாங்கிட்டு வந்திருக்கு. விஎல்சியோட ஓப்பன் விண்டோல ஏன் விழுந்துச்சுங்கிறதுக்கும் இதுதான் பதில்.

எந்த ஃபைல்

கோடெக் பேக் ஜூன்லயே போட்டாச்சு, தொல்லை அக்டோபர் கடைசிலதான் ஆரம்பம். நாலு மாசம் சும்மா இருந்தது திடீர்னு ஏன்? இத விட்டுட்டு கோடெக் பேக்க எடுத்துட்டா வேலை முடிஞ்சுடும்தான், ஆனா எனக்கு விட மனசு வரல.

எக்ஸ்டென்ஷன எனேபிள்லயே வெச்சுட்டு, 143 ஃபைல்ல பாதிய கமாண்ட்ல வேற ஃபோல்டருக்கு நகர்த்தி தொறந்து பாத்தேன். எந்தப் பாதில விழுதோ அதுல பாதி. எட்டாவது ரவுண்டுல ஒத்தை ஃபைல் நின்னுச்சு. எம்பி4, 1.9 ஜிபி, அக்டோபர் 26 சாயங்காலம். விஎல்சில நேரா கமாண்ட்ல குடுத்துப் பாத்தேன், ஓடல.

மாமா தேதியப் பாத்ததும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க. அன்னைக்கு மழை, கேப்சர் ஓடிட்டு இருக்கும்போதே கரண்ட் போச்சு. விசிஆர்ல கேசட் ஓடும்போது டேப் வெளில இழுபட்டு ஹெட் டிரம்ம சுத்தி நிக்கும், கரண்ட் போனா அப்படியே நின்னுடும். கரண்ட் வந்ததும் எஜெக்ட் ஆகல, மாமா மூடியக் கழட்டி கையால எடுத்திருக்காங்க, டேப் கசங்கி ஓரிடத்துல அறுந்தும் போச்சு. அது 1993ல நடந்த மாமா கல்யாணத்தோட ரெண்டாவது கேசட். அதுலதான் ஆச்சி கேமராவப் பாத்து பேசுவாங்க. ஆச்சி 1998ல தவறிட்டாங்க, அவங்க குரல் வேற எதுலயும் இல்ல. "எங்கம்மா கேசட்ட நானே கெடுத்துட்டேன்டே, யார்ட்டயும் சொல்லல" அப்படின்னாங்க. அத்தைக்கே அன்னைக்குத்தான் தெரியும்.

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, நாங்க ரெண்டு நாளா கோளாறு பிடிச்ச ஃபைல்னு தேடினது உலகத்துலயே மிச்சம் இருக்குற ஒரே காப்பி.

எம்பி4 ஃபைல்ல படமும் ஒலியும் ஒரு பெரிய பெட்டில கொட்டிக் கிடக்கும், எந்த ஃபிரேம் எங்க ஆரம்பிக்குது, எவ்வளவு நீளம்ங்கிற அட்டவணை மூவ்னு இன்னொரு பெட்டில இருக்கும். ரெக்கார்டிங் ஓடும்போது பெரும்பாலும் அந்த அட்டவணைய கடைசிலதான் எழுதுவாங்க. நடுவுல கரண்ட் போனா அட்டவணையே இருக்காது. ஃபைலோட ஒவ்வொரு பைட்டையும் காட்டுற ஹெக்ஸ் எடிட்டர்ல தேடிப் பாத்தேன், மூவ் பெட்டி இல்லவே இல்ல. ஒழுங்கா எழுதுன புரோகிராம் இதப் பாத்தா அட்டவணை காணோம்னு சொல்லிட்டு ஒதுங்கிடும். இந்த எக்ஸ்டென்ஷன் ஒதுங்கல, மெமரியக் கெடுத்துட்டுத்தான் வெளில வந்துச்சு.

ஆனா படம் உள்ளதான் இருக்கு. அன்ட்ரங்க்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் டூல் இருக்கு, அதே கருவில அதே செட்டிங்ல எடுத்த நல்ல ஃபைல் ஒண்ணக் காட்டுனா, அதப் பாத்து உடைஞ்ச ஃபைலுக்கு அட்டவணைய திரும்பக் கட்டிக் குடுக்கும். மாமா ஜூன்லருந்து ஒரே செட்டிங்லதான் எல்லாத்தையும் ஏத்தியிருக்காங்க, 720க்கு 576, 25 ஃபிரேம், அதனால முதல் கேசட் ஃபைல மாதிரியா குடுத்தேன். எக்ஸ்டர்னல் டிஸ்க்ல இருந்த காப்பியோட இன்னொரு காப்பி மேலதான் ஓட்டினேன், மூலத்த தொடல. 41 நிமிஷம் வந்துச்சு. கடைசி பகுதில ஒலி கொஞ்சம் பின்தங்குது, மத்தபடி முழுசா.

அதுக்கப்புறம் செஞ்சது

கோடெக் பேக்க அன்இன்ஸ்டால் பண்ணேன். அந்த எக்ஸ்டென்ஷனோட டிஎல்எல் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் பிடில இருந்ததால போகாம நின்னுச்சு, டாஸ்க் மேனேஜர்ல எக்ஸ்ப்ளோரர நிறுத்திட்டு கமாண்ட்ல அழிச்சேன். எம்பி4க்கு விண்டோஸ்லயே வேணுங்கிறது இருக்கு, மிச்சத்துக்கு விஎல்சி போதும், கோடெக் பேக் தேவையே இல்ல. ஃபோல்டர் விண்டோவ தனி புரோசஸ்ல தொறங்கிற டிக்கையும் போட்டு விட்டேன், இனிமே ஏதாச்சும் விழுந்தாலும் டாஸ்க்பார் நிக்க வாய்ப்பு அதிகம். கேப்சர் பண்றத ஓபிஎஸ்ங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்கு மாத்தியாச்சு, எம்கேவிங்கிற ஃபைல் வகைல பதிவாகுது, நடுவுல நின்னாலும் அதுவரைக்கும் எழுதுனது ஓடும். கம்ப்யூட்டர், விசிஆர் ரெண்டுக்கும் சேர்த்து ஒரு யூபிஎஸ்.

மூணு மாசம் கழிச்சு, எந்த நாள்ல எது விழுந்துச்சுன்னு காட்டுற ரிலையபிலிட்டி மானிட்டர மாமாவ தொறந்து படிக்கச் சொன்னேன், எக்ஸ்ப்ளோரர் பேருல ஒரு சிவப்புப் புள்ளி கூட இல்ல. 22 கேசட் முடிஞ்சிருக்கு. மிச்சம் ஒண்ணுல பூஞ்சை இருக்கு, அத சுத்தம் பண்ணாம விசிஆர்ல போடாதீங்கன்னு சொல்லியிருக்கேன். அறுந்த டேப்ப மாமா தூக்கிப் போடல, ஒட்டுறதுக்கு ஸ்ப்ளைசிங் டேப் வாங்கி வெச்சிருக்காங்க, அடுத்த தடவ நான் போறப்ப சேர்ந்து பண்ணலாம்னு.